மயிலுக்குப் போர்வை தந்தோம், நத்தைக்கு?

ஒரு டி-சட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் கிளை இளைஞர்கள் மலையடிவாரத்தில் ஒரு கோத்தோங் ரோயோங் செய்வதாக முடிவானது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒன்றின் குகையில் இருக்கும் சின்னக் கோயிலைச் சுத்தம் செய்வது, சுற்றுப்புறத்தில் கிடக்கும் குப்பையை அள்ளுவது, மதியம் சாப்பாடு, இவ்வளவுதான் திட்டம். அன்றைக்கு எல்லாரும் ஒரே சட்டை போடலாம் என்றார்கள். ‘நம் மலை, நம் உயிர்கள்’ என்று வாசகமும் தயார். முன்பக்கம் ஒரு படம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. புலி.

படிவம் நான்கு படிக்கும் ஒரு தங்கச்சி மட்டும் கையைத் தூக்கினாள். "அண்ணே, நம்ம போற மலையில புலி இல்லையே. அங்க இருக்கிறது நத்தை, பல்லிதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். "நத்தைப் படம் போட்ட சட்டைய யாரும்மா வாங்குவா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, இதை எழுதுகிற நான்தான். சட்டை புலியோடு வந்தது. நன்றாகவும் விற்றது.

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. கோத்தோங் ரோயோங் அன்று குகைக்குள்ளே போனோம். சாமி இருக்கும் இடத்துக்குப் பின்னால் ஈரப் பாறை. அதில் பாசி, சிலந்தி வலை, இரண்டு மூன்று பல்லி, மண்ணில் புதைந்த மாதிரி ஏதேதோ பூச்சிகள். "சாமி இருக்கிற இடம், இப்படியா இருக்கிறது?" என்று ஒரு பெரியவர் சொன்னார். பையன்கள் துடைப்பத்தை எடுத்தார்கள். ஒருவன் மோட்டாரில் போய் பூச்சிமருந்து இரண்டு டின் வாங்கி வந்தான். பின்பக்கப் பாறை முழுக்க அடித்தோம். அரை மணி நேரத்தில் பாறை ‘சுத்தமாக’ இருந்தது. அந்தத் தங்கச்சி குகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். என் சட்டையைக் காட்டி, "நம் உயிர்கள்னு போட்டிருக்கே அண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல எனக்கு நாள் பிடித்தது. இன்னும் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் நம் கண்ணைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு விலங்கைப் பார்த்ததும் ‘ஐயோ பாவம்’ என்று தோன்றுவதும், இன்னொன்றைப் பார்த்ததும் ‘சீ’ என்று வருவதும் நாம் யோசித்துச் செய்வதில்லை. பெரிய கண், உருண்டை முகம், சின்ன மூக்கு, குட்டையான கைகால் என்று குழந்தையின் சாயல் எதில் இருந்தாலும் மனிதனுக்குப் பாசம் தானாகச் சுரக்கிறது என்று ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943லேயே எழுதினார். குழந்தையைக் காப்பாற்ற இயற்கை நமக்குள் வைத்த விசை அது. பாண்டா அந்த விசையை அழுத்துகிறது. பல்லி அழுத்துவதில்லை. 1961இல் உலக வனவிலங்கு நிதியம் தொடங்கியபோது பாண்டாவை முத்திரையாக எடுத்ததற்கு அழகும் அழிவு அபாயமும் காரணங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் எடுப்பாகத் தெரியும், செலவு மிச்சம் என்பதும் ஒரு காரணம். எங்கள் சட்டை கமிட்டி நினைத்ததும் இதேதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இதைக் கிண்டல் செய்யவே பிரிட்டனில் சைமன் வாட் என்ற உயிரியலாளர் அசிங்கமான விலங்குகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். 2013இல் நடத்திய வாக்கெடுப்பில் உலகத்தின் மிக அசிங்கமான விலங்கு என்று ‘புளோப்’ மீன் தேர்வானது. படத்தைப் பார்த்திருப்பீர்கள். தொங்கிய மூக்கோடு, உருகிய சவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருக்கும். ஆனால் அந்த மீன் வாழ்வது பல நூறு மீட்டர் ஆழத்தில். அங்கே இருக்கிற நீரழுத்தத்தில் அது மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும். மேலே இழுத்துப் போட்டதும் அழுத்தம் போய் உடம்பு குலைந்துவிடுகிறது. அதாவது அதன் வீட்டிலிருந்து பிடுங்கி, உருவத்தைக் கெடுத்து, பிறகு அதையே பார்த்து அசிங்கம் என்கிறோம். இது மீனுக்கு மட்டும் நடக்கிற கதையா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

புலிக்காகவும் நியாயமாகப் பேச வேண்டும். நம் நாட்டு அரசு முத்திரையிலேயே இரண்டு புலிகள் நிற்கின்றன. 1950களில் தீபகற்பத்தில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. அம்மனின் வாகனம், ஐயப்பனின் வாகனம், 150க்கும் கீழே. இதற்காக ஒரு பையன் சட்டை போட்டுக்கொண்டு நடந்தால் அதைச் சிறுமை என்று யார் சொல்வது?

புலிக்கு ஆதரவாக இதைவிடப் பெரிய வாதம் ஒன்று உண்டு. புலி வாழப் பெரிய காடு வேண்டும். புலியின் பெயரைச் சொல்லிக் காட்டைக் காப்பாற்றினால், அந்தக் காட்டில் உள்ள தவளை, அட்டை, பூரான், காளான் எல்லாம் சேர்ந்து பிழைக்கும். நம் பேராக்கின் வடக்கே அரச பெலூம் பூங்கா இருக்கிறது. அங்கே புலிக்காகச் சுற்றும் காவல் படை கண்ணிவலையை அறுத்தால், காப்பாற்றப்படுவது புலி மட்டும் இல்லை, மானும் காட்டுப்பன்றியும்கூட. அழகான ஒன்று குடை பிடிக்க, அழகில்லாத ஆயிரம் அதன் கீழே ஒதுங்குகின்றன. இந்த வாதத்தைக் கேட்டபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சிக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் குடை காட்டோடு முடிந்துவிடுகிறது. நம் குன்றுகள் வரை அது நீளாது.

தைப்பூசத்துக்குப் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடி எடுத்து நடக்கிறோம். பால்குடம் தூக்குகிறோம். வெயிலில் தார் ரோட்டில் கால் கொப்பளிக்க, தூரத்தில் வெள்ளையும் சாம்பலுமாகக் குன்று தெரியும்போது ‘வேல் வேல்’ என்று குரல் தானாக உயரும். அந்தக் கல்லைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஒரு காலத்தில் கடலடியில் சிப்பியும் பவளமுமாகக் கிடந்தது. நத்தைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக் குன்றில் அது தாராளமாகக் கிடைக்கிறது. குன்றுக்கு வெளியே மண் வேறு. ஈயக் குட்டை, தோட்டம், தாமான், ரோடு. ஒரு குன்றின் நத்தை அடுத்த குன்றுக்குப் போக முடியாது. கடலில் தீவு இருப்பது போல இங்கே ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. அதனால் ஒரு குன்றில் இருப்பது வேறு எங்கும் இல்லாமல் போகிறது. உலகத்தில் எங்குமே.

ஈப்போவின் குனோங் ராப்பாட் நமக்குத் தெரிந்த இடம். சீனக் குகைக் கோயில்கள் இருக்கும் அதே குன்று. அங்கே கிடைத்த ஒரு நத்தையை 2008இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். ஒப்பிஸ்தோஸ்தோமா வெர்மிகுலும் என்று பெயர். ஓடு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர்தான், ஒரு கசகசா அளவு. பொதுவாக நத்தை ஓடு ஒரே அச்சைச் சுற்றிச் சுருளும். இது நான்கு வெவ்வேறு அச்சுகளில் திரும்பித் திரும்பிச் சுருள்கிறது. அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. உருப்பெருக்கியில் எடுத்த படத்தைப் பார்த்தேன். எந்தப் பொற்கொல்லனும் அப்படி ஒரு ஜிமிக்கி செய்ய மாட்டான். அசிங்கம் என்று நாம் சொல்வதில் பாதி, நம் கண்ணுக்கு எட்டாத அழகு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மீதிப் பாதிதான் கஷ்டம். நிஜமாகவே நமக்கு அருவருப்பாக இருப்பவை.

ஈப்போவுக்கு வடக்கே, செமோர் பக்கம், குனோங் கந்தான். சிமெண்டுக்காக நீண்ட காலமாக வெட்டப்படும் குன்று. அடிவாரத்தில் ஒரு பௌத்த மடமும் இருக்கிறது. அந்தக் குன்றிலிருந்து 2014இல் ஒரு புதுப் பல்லி அறிவிக்கப்பட்டது. வளைந்த விரல், பட்டை பட்டையாக உடம்பு. பெயரிலேயே ‘குவா கந்தான்’ இருக்கிறது. அதே ஆண்டு ஒரு சின்ன நத்தையும் வந்தது. அதற்கு வைத்த பெயர் சாரோப்பா லாஃபார்ஜி. அப்போது அந்தக் குன்றை வெட்டிக்கொண்டிருந்த லாஃபார்ஜ் நிறுவனத்தின் பெயர்தான் அது. தன் பெயரைக் கேட்டாவது மனம் இரங்கட்டும் என்றோ என்னவோ! வீட்டை இடிக்க வருகிறவரின் பெயரையே பிள்ளைக்கு வைத்த மாதிரி இருக்கிறது. இவற்றுக்கு முன்பே, 1997இல், ஒரு பொறிக்கதவுச் சிலந்தி, லிஃபிஸ்தியஸ் கந்தான்.

இந்தச் சிலந்திகளைப் பற்றி நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதே குடும்பத்தில் ஒன்று நம் பத்துமலையில் இருக்கிறது. லிஃபிஸ்தியஸ் பத்துவென்சிஸ். 1923இல் பெயர் பெற்றது. குகைச் சுவரில் பட்டும் மண்ணும் சேர்த்து ஒரு குழல் கட்டி, அதற்கு ஒரு மூடி போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். வாசலிலிருந்து சில பட்டு நூல்களை வெளியே நீட்டி வைத்திருக்கும். பூச்சி அந்த நூலில் கால் வைத்தால் உள்ளே அதிர்வு தெரியும். கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளும். இந்தச் சிலந்திகளின் முன்னோர் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்தவை. உடம்பில் இன்னும் அந்தப் பழைய கண்டங்கள் தெரியும். நம் குலத்துக்கெல்லாம் மூத்த குலம். 272 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்குகிறோம். அதே மலையின் இருட்டில் இது உட்கார்ந்திருக்கிறது. யாருக்குக் குடி முதல் என்று கேட்டால் நமக்குச் சங்கடம்.

எங்கள் குகையில் பூச்சிமருந்து அடித்தபோது பாறையில் மண்ணோடு மண்ணாக இருந்தது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாதாரணப் பூச்சியாகவே இருக்கலாம். பார்க்காமலே அடித்தோம் என்பதுதான் உண்மை.

இப்படி அழிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் சாட்சி இருக்கிறது. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்று ஒரு சுண்ணாம்புக் குன்று இருந்தது. அதில் மட்டுமே வாழ்ந்த ஒரு நத்தை, பிளெக்தோஸ்தோமா சியாஃபிலும். குன்றை வெட்டினார்கள், வெட்டினார்கள், 2003க்குள் குன்றே இல்லை. நத்தையும் இல்லை. யாரும் அதைக் கொல்ல நினைக்கவில்லை. யாருக்கும் அதன்மேல் கோபமில்லை. ஒருவரும் சட்டை போட்டு ஊர்வலம் போகவும் இல்லை.

இங்கேதான் நாம் மார்தட்டிக்கொண்டு ‘நம் சமயத்தில் அப்படியில்லை’ என்று சொல்ல ஆசைப்படுவோம். மேடையில் நானே சொல்லியிருக்கிறேன். பிள்ளையாருக்கு மூஞ்சூறு, சனி பகவானுக்குக் காகம், பைரவருக்கு நாய், வராகம், கூர்மம் என்று பட்டியல் நீளும். காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட வரிசையில் நிற்கிறோம். உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்து சுவர்ப் பல்லியைத் துடைப்பத்தால் அடிப்பவர்களும் நாமேதான். வெள்ளிக் கவசம் போட்ட மூஞ்சூறுக்குப் பூ வைக்கிறோம், கோயில் மடப்பள்ளியில் எலிப்பொறி வைக்கிறோம். வாகனம் ஆன பிறகு கும்பிடுவது சுலபம்.

நம் வள்ளல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த கதைதான். பேகன் மயிலுக்குப் போர்வை தந்தான். பாரி முல்லைக் கொடிக்குத் தேர் தந்தான். (நம் புந்தோங் பக்கம் ஓடும் சுங்கை பாரிக்கும் அந்தப் பாரிக்கும் சம்பந்தமில்லை. சின்ன வயதில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.) மயில், முல்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டுமே அழகு. குளிரில் நடுங்கிய ஓணானுக்குப் போர்வை தந்த மன்னன் யாராவது நம் பாட்டில் உண்டா? தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை. கொடைக்குப் பேர்போன நம் மன்னர்களின் கையும் கண் போன பக்கம்தான் போயிருக்கிறது. ‘முருகு’ என்ற சொல்லுக்கே அழகு என்று பொருள். அழகைக் கும்பிடும் இனம் நாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் வேண்டாம்.

ஆனால் நம்மிடம் இன்னொரு மன்னன் கதை இருக்கிறது. சோழர் தங்கள் முன்னோன் என்று சொந்தம் கொண்டாடிய சிபி. பருந்துக்குப் பயந்து வந்த புறாவுக்கு அடைக்கலம் கொடுத்தான், தன் தொடைச் சதையை அறுத்துக் கொடுத்தான் என்று சொல்லும்போது நாம் எல்லாரும் புறாவையே பார்க்கிறோம். சமய வகுப்பில் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் வெள்ளைப் புறாவைப் பெரிதாக வரைவார்கள். பருந்தை மூலையில் கறுப்பாக, கொக்கி மூக்கோடு, கெட்டவன் மாதிரி வரைவார்கள்.

கதையைத் திரும்ப யோசியுங்கள். புறாமேல் மட்டும் இரக்கம் இருந்தால் சிபி என்ன செய்திருப்பான்? பருந்தைக் கல்லால் அடித்து விரட்டியிருப்பான். அரண்மனைக் காவலனுக்கு ஒரு அம்பு போதும். கதை அங்கேயே முடிந்திருக்கும், யாரும் சொல்லிக்கொண்டும் இருக்க மாட்டார்கள். பருந்து அவனிடம் கேட்டது, "இது என் உணவு. இதை நீ எடுத்துக்கொண்டால் நான் பட்டினி கிடக்க வேண்டும். இதுவா உன் அறம்?" அந்தக் கேள்விக்குச் சிபி பதில் சொன்னான். தராசைக் கொண்டுவரச் சொன்னான். தொடையை அறுத்தது பருந்துக்காக. புறாவுக்குக் கொடுத்தது அன்பு, பருந்துக்குக் கொடுத்தது நீதி. அன்பு கண் வழியாக வந்தது. நீதிக்குத் தராசு தேவைப்பட்டது. தராசில் முகம் பார்ப்பதில்லை, எடைதான்.

தங்கச்சிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புலியை நேசி. யாரை நேசிப்பது என்று யாரும் கட்டளை போட முடியாது. பாண்டாவைப் பார்த்து உருகுகிறவனை ‘நத்தையைப் பார்த்தும் உருகு’ என்றால் அவன் நடிக்கத்தான் செய்வான். ஆனால் நேசிக்காத ஒன்றுக்கும் நாம் கடன்பட்டிருக்கலாம். நத்தை நம்மிடம் போர்வை கேட்கவில்லை. அதற்கு நம் பாசம் எதற்கு? நான் இருக்கிற ஒரே குன்றை என் காலடியிலிருந்து எடுக்காதே என்பதுதான் அதன் வழக்கு.

சிலர் வேறு வழியில் வருவார்கள். ‘அழகை விடு, பயனைப் பார்’ என்பார்கள். இதற்கு இந்தியாவின் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகைவிடப் பெரிய உதாரணம் இல்லை. மொட்டைக் கழுத்து, செத்த மாட்டின் வயிற்றுக்குள் தலையை விட்டுத் தின்னும் பழக்கம். யாருக்கும் பிடிக்காத பறவை. 1990களில் அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோனது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் உடம்பு வழியாகப் பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004இல்தான் தெரிந்தது. 2006இல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. பாறு இல்லாமல் பிணங்கள் கிடந்து அழுகின, தெருநாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாக 5 லட்சம் மனித உயிர்கள் போயிருக்கும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 2024இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பூசாரி கையால் பொங்கல் உண்ட கதையை நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு அவை வருவதில்லை. ஊர்ப் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

பயன் என்ற வாதம் பலமானதுதான். வௌவாலுக்கும் பொருந்தும். 1998-99இல் நிப்பா காய்ச்சல் நம் ஈப்போ பக்கம் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்தது என்று தெரிந்ததும் வௌவால் பேரே கெட்டுவிட்டது. ஆனால் இரவில் மலரும் டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பது வௌவால்தான். டுரியான் சீசனில் ரோட்டோரம் நின்று விலை பேசும் யாரும் அதை நினைப்பதில்லை.

சரி, இந்தக் கசகசா நத்தையால் என்ன பயன்? எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு மருந்து கிடைக்கலாம் என்றெல்லாம் சொல்லி நான் அதை விற்க விரும்பவில்லை. ‘எனக்கு என்ன லாபம்’ என்று கேட்பதும் கண்ணைப் போலவே ஒருவகைப் பாரபட்சம்தான். அழகுப் போட்டிக்குப் பதிலாக வேலை நேர்காணல் வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சடாயுவிடம் இராமன் நேர்காணல் வைக்கவில்லை. கும்பகோணம் பக்கம் திருப்புள்ளம்பூதங்குடியில், இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள். வைத்தீசுவரன் கோயிலில் சடாயு குண்டம் இருக்கிறது. பெற்ற தகப்பனுக்குச் செய்ய முடியாத கடனை ஒரு கழுகுக்குச் செய்தான். சடாயு சீதையைக் காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். தோற்றுப் போய்விட்டது. பயன் என்று பார்த்தால் பூச்சியம். தன் பொருட்டு விழுந்த உயிருக்குத் தான் கடன்பட்டவன் என்று இராமன் நினைத்தான். நம் பொருட்டு விழும் உயிர்களுக்கு நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். முகத்தைப் பார்த்து மதிப்பிடுவது மீனுக்கு மட்டும் நடக்கிற கதையா? நம் கல்யாணத் தரகர் கேட்கும் முதல் கேள்வி எது? ‘பொண்ணு செவப்பா?’ வாடகைக்கு வீடு தேடிப் போன நம் பையன்களிடம் கேளுங்கள். போனில் பேசும்போது வீடு காலி, நேரில் முகத்தைப் பார்த்ததும் ‘வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு’. இது எங்கே குத்தும் என்று நமக்குத் தெரியும். ‘என் முகம் உனக்குப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை, நான் குடியிருக்க உனக்கு என் முகம் பிடித்தாக வேண்டுமா?’ என்று கேட்கத் தோன்றும். மனிதனையும் பல்லியையும் ஒன்றாகப் பேசுகிறானே என்று சிலருக்குக் கோபம் வரலாம். ஒன்று என்று சொல்லவில்லை. அந்த வலியை அறிந்த நமக்கு இந்த நியாயம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிய வேண்டும் என்கிறேன்.

சிமெண்டு பற்றிப் பேசாமல் விட்டால் நான் கள்ளன். நான் இருக்கும் வீடு சிமெண்டு. நம் கோயில் ராஜகோபுரம் சிமெண்டு. சுதைச் சிற்பத்தில் உள்ள ஒவ்வொரு பூதகணமும் ஏதோ ஒரு குன்றின் துண்டு. கல்லுடைக்கும் இடத்தில் லாரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். குன்றையெல்லாம் தொடாதே என்று கோஷம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் எல்லாக் குன்றும் ஒன்றல்ல. எதில் எது மட்டும் வாழ்கிறது என்று வெட்டுவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்க முடியும். சிலவற்றை விட்டுவிட முடியும். வெட்டும் குன்றிலேயே ஒரு பக்கத்தை விட்டு வைக்க முடியும். அதற்குப் பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். வெடி வைக்கும் முன் யாராவது ஒருவர் ‘இங்கே யார் குடியிருக்கிறார்கள்?’ என்று கேட்க வேண்டும். அழகான உயிராக இருந்தால் கேட்பதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். நத்தைக்குக் கேட்க ஆளில்லை என்பதுதான் அதற்கு ஏற்பட்ட ஒரே குறை.

எங்கள் குகைக் கோயில் கமிட்டியோடு பிறகு பேசினோம். ஒரே கூட்டத்தில் முடியவில்லை. பூச்சிமருந்து கூடாது என்பதற்குச் சீக்கிரம் ஒத்துக்கொண்டார்கள், சாமி இருக்கும் இடத்தில் விஷம் எதற்கு என்று அவர்களே சொன்னார்கள். பின்பக்கப் பாறையை அப்படியே விடுவதற்குத்தான் பேச்சு நீண்டது. பெரியவர் ஒருவர் கடைசிவரை மனம் ஒப்பவில்லை. அழுக்கோடு சாமியை எப்படி வைப்பது என்பது அவர் கேள்வி. அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. கடைசியில் விளக்கு மாடத்தோடு துடைப்பம் நிற்கும், அதற்குப் பின்னால் போகாது என்று முடிவானது. இப்போது அங்கே மறுபடி பாசி பிடித்திருக்கிறது. ஒரு பல்லி வந்திருக்கிறது. எந்தப் பல்லி என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. தங்கச்சி கைப்பேசியில் சின்ன உருப்பெருக்கி மாட்டிப் பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கச்சாங் பூத்தே பொட்டலத்தோடு நாலைந்து வாண்டுகள் அவள் பின்னால் வரிசை கட்டி, "அக்கா எனக்கு, அக்கா எனக்கு" என்று நிற்கிறார்கள்.

இந்த ஆண்டுச் சட்டைக்கு மறுபடி படம் கேட்டோம். இந்த முறை ஓட்டெடுப்பு. புலிக்கு பதினொன்று, நத்தைக்கு நாலு. சட்டை புலிதான். போன தடவை நத்தைக்கு இருந்தது ஒரே கை.